குட்டியைத் தூக்குவதற்கு முன் தாயைப் பாருங்கள்

வாசகர் கேள்வி–பதில்: வீட்டில் வளரும் பிராணிகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நாயையோ பூனையோ எங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது என்பதைப் பற்றியே அமைந்திருந்தன. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கிப் பதிலளித்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் நலன் கருதி வெளியிடவில்லை.

பத்து வயது மகன் லேப்ரடார் குட்டி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். வீட்டுக்கு அருகில் ஒரு பெட் ஷாப்பில் குட்டி இருக்கிறது. நகருக்கு வெளியே, நாய்களை இனப்பெருக்கம் செய்து குட்டிகளை விற்கும் ஒரு பிரீடர் இருக்கிறார். விலை அதிகம் சொல்கிறார், இரண்டு மாதம் காத்திருக்கவும் சொல்கிறார். இன்ஸ்டாகிராமில் ஒருவர் அதில் பாதி விலைக்கு, கேசிஐ சான்றிதழுடன், பேருந்து நிலையத்திற்கே குட்டியைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். யாரிடம் வாங்கலாம்?
— வாசகர், கோயம்புத்தூர்

பேருந்து நிலையத்தில் வைத்துத் தருகிறேன் என்பவரை முதலில் விலக்கிவிடுங்கள். உங்கள் அலைச்சலைக் குறைப்பது அவருடைய நோக்கமாக இருக்க வாய்ப்பில்லை. குட்டி பிறந்த இடத்தை நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்பதே பெரும்பாலும் இத்தகைய ஏற்பாட்டின் காரணம். நாய்க்குட்டி வாங்கும்போது விலைக்கும் நிறத்துக்கும் சான்றிதழுக்கும் முன்பாகக் கேட்க வேண்டியது, இதன் தாய் எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். அதற்கு நேரில் காட்டிப் பதில் சொல்ல முடியாதவரிடம் மற்றவற்றைக் கேட்டுப் பயனில்லை.

கேசிஐ சான்றிதழைப் பற்றி நம் மக்களிடம் ஒரு மயக்கம் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் (கேசிஐ) என்ற நாய் வளர்ப்போர் அமைப்பு தரும் அந்தப் பதிவு, குட்டியின் தாய் தந்தை யார், அவற்றின் முன்னோர் யார் என்பதைச் சொல்கிறது. அந்தத் தாய் வெயில் படாத தகரக் கொட்டகையில் ஆண்டு முழுவதும் அடைபட்டுக் கிடந்ததா, அதற்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இருந்ததா, குட்டிக்குப் பேதி இருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை. எனவே ‘பேப்பர் இருக்கிறது’ என்ற ஒரு வார்த்தையோடு விசாரணையை முடித்துக்கொள்ளாதீர்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017ஆம் ஆண்டு வெளியான நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, நாய்க்குட்டி விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டை நாயைப் பதினெட்டு மாதம் நிறைவதற்கு முன்னும் எட்டு வயதுக்குப் பின்னும் இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது; ஆண்டுக்கு ஓர் ஈற்று, வாழ்நாளில் ஐந்து ஈற்று என்பதே வரம்பு; எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. உங்கள் ஊர் பிரீடரிடம் பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு தயங்காமல் கேளுங்கள். முறையாகத் தொழில் செய்பவருக்கு அந்தக் கேள்வி கோபத்தை உண்டாக்காது.

நேரில் செல்லும்போது குட்டிகளிடம் ஓடுவதற்கு முன் தாயருகில் சிறிது நேரம் நில்லுங்கள். பாலூட்டும் தாய் இளைத்திருப்பது இயல்பு. ஆனால் முழங்கை முட்டிகளில் முடி உதிர்ந்து தோல் காய்த்துப் போயிருந்தால் அது வெறும் சிமென்ட் தரையிலேயே படுத்துக் கிடக்கிறது என்று கருத இடமுண்டு. நகங்கள் வளைந்து நீண்டிருந்தால் அது நடக்கவே விடப்படுவதில்லை. பாதத்து முடி மஞ்சளேறியிருந்தால் சிறுநீரிலேயே நிற்கிறது. உரிமையாளர் கையை நீட்டும்போது அது வாலாட்டி வருகிறதா, உடலைக் குறுக்கிப் பின்வாங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். நம்மிடம் அவர் சொல்லாத பலவற்றை அந்த ஒரு கணம் சொல்லிவிடும். அதன் பிறகு குட்டியைப் பாருங்கள். உதட்டை மெல்லத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ இரத்தத்தைக் குடித்திருக்கலாம். உடல் மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருப்பது பெரும்பாலும் குடற்புழுவின் அடையாளம். வாலடியில் மலம் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா, கண்ணிலும் மூக்கிலும் சளி வடிகிறதா என்று பாருங்கள்.

லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. தாய் தந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். நம் ஊரில் இதை வாங்குபவர் யாரும் கேட்பதில்லை என்பதால் விற்பவரும் எடுப்பதில்லை. கேட்கக் கேட்கத்தான் வழக்கம் மாறும். ‘இப்போது குட்டி இல்லை, இரண்டு மாதம் பொறுங்கள்’ என்று ஒருவர் சொல்வது என் கணக்கில் அவருக்குச் சாதகமான விஷயம். எந்த நாளில் போனாலும் ஐந்து இனங்களில் குட்டி தயாராக வைத்திருப்பவர் வளர்ப்பவராக இருக்க முடியாது, அவர் தரகர்.

பெட் ஷாப்களுக்கும் 2018 முதல் தனி விதிகள் உண்டு. பதிவுச் சான்றிதழைக் கடையில் பார்வைக்கு வைக்க வேண்டும். இருந்தாலும் கடையில் தாயைப் பார்க்க வழியே இல்லை என்பதால், அங்கே தீவனமும் கழுத்துப்பட்டையும் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளுமாறுதான் நான் சொல்வேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லேப்ரடார் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழும். உங்கள் மகன் கல்லூரி விடுதிக்குப் போகும்போது அதற்கு எட்டு வயது. மூட்டு வலி தொடங்கும் காலம். அப்போது அதை நடத்திச் செல்லப் போகிறவர் நீங்களோ உங்கள் மனைவியோதான். நாய் உங்களுக்கே வேண்டும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

குட்டிக்கு முப்பத்தைந்து நாள் ஆகிறது, தானாகச் சாப்பிடுகிறது, முதல் ஊசியும் போட்டாகிவிட்டது என்கிறார் விற்பவர். சின்னதிலேயே தூக்கினால்தான் நம்மோடு ஒட்டும் என்றும் சொல்கிறார். எடுத்துவரலாமா?
— வாசகி, சேலம்

எடுக்க வேண்டாம். முப்பத்தைந்து நாள் குட்டியை விற்பதே விதிமீறல் என்பது ஒரு புறம் இருக்கட்டும். ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை ஒரு குட்டி தன் கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் கிடைக்காத குட்டிகள் வளர்ந்தபின் விளையாட்டாகக் கடிப்பதாக நினைத்துக் குழந்தையின் கையில் பல் பதித்துவிடுவதைப் பார்க்கிறோம். மனிதரோடு ஒட்டும் பருவம் மூன்றாம் வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை நீடிக்கிறது. எட்டு வாரத்தில் வந்த குட்டிக்கு உங்களோடு ஒட்ட வேண்டிய காலம் தாராளமாக இருக்கிறது. விற்பவரின் அவசரத்துக்குக் காரணம் வேறு. பால்குடி மறந்த குட்டிகளுக்கு ஐந்தாம் வாரத்திலிருந்து தீனிச் செலவு ஏறுகிறது. நோய் வந்து குட்டி சாவதற்கு முன் கைமாற்றிவிட வேண்டும் என்ற கணக்கும் உண்டு.

அந்த ‘முதல் ஊசி’யையும் சரிபாருங்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும் வரை, மிகச் சீக்கிரம் போடப்படும் தடுப்பூசியை அது செயலிழக்கச் செய்துவிடக்கூடும். அதனால்தான் குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பதினாறாம் வாரம் வரை திரும்பப் போடுகிறோம்; ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதத்தில் வரும். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய, தொகுதி எண் தெரியும் சீட்டு இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் தேதி, மருத்துவரின் கையெழுத்து, அவருடைய பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். பேனாவால் ஒரு டிக் போட்டு, கீழே கடையின் முத்திரை குத்திய அட்டைகள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. அவற்றை அட்டையாக நான் கருதுவதே இல்லை.

பார்வோ கிருமி உடலுக்குள் போன மூன்று முதல் ஏழு நாளில் பொதுவாக வெளிப்படும். ஆகவே வாங்கிய அன்று துள்ளிய குட்டி அதே வாரத்தில் வாந்தியும் இரத்தப் பேதியுமாகச் சுருண்டு விழுவதற்கு, பெரும்பாலும் உங்கள் வீட்டுச் சோறோ தண்ணீரோ காரணமல்ல. அது வரும்போதே நோயோடு வந்திருக்கும். குட்டி மிகவும் பிடித்திருந்தால் முன்பணம் கொடுத்து, எட்டு வாரம் வரை தாயிடமே விடச் சொல்லுங்கள். அந்த மூன்று வாரத் தீனிக்கு அவர் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். பார்வோவுக்கு ஒரு நாள் டிரிப்ஸ் ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இராது. மறுத்தால் முன்பணத்தோடு திரும்பி வாருங்கள்.

ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் தும்மிக்கொண்டே சுருண்டு கிடந்த குட்டியைப் பார்த்தேன். அதை அங்கேயே விட்டுவர மனமில்லை. வாங்கிக் காப்பாற்றுவது புண்ணியம்தானே?
— வாசகி, சென்னை

அந்த ஒரு குட்டிக்குப் புண்ணியம். அதன் தாய்க்கு இன்னொரு ஈற்று. நீங்கள் பணம் கொடுத்த மறுநாள் அந்தப் பெட்டிக்குள் வேறொரு குட்டி இருக்கும், ஏனெனில் நோயாளிக் குட்டியும் விலைபோகிறது என்பதைக் கடைக்காரர் உங்களிடமிருந்து கற்றுக்கொண்டிருப்பார். கல்நெஞ்சோடு பேசுவதாகத் தோன்றலாம். ஆனால் இரக்கத்தையே நம்பி நடக்கும் ஒரு வியாபாரத்தை இரக்கத்தால் நிறுத்த முடியாது.

செய்யக்கூடியது உண்டு. கடையின் பெயரையும் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, பெட்டியையும் குட்டியையும் படமெடுத்து, பதிவுச் சான்றிதழ் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்து, மாநில விலங்குகள் நல வாரியத்துக்கு எழுதுங்கள். மாவட்டந்தோறும் விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கம் அமைக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதன் வழியாகவும் புகார் தரலாம். நோயுற்ற பிராணியைச் சிகிச்சையின்றி அடைத்து வைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின் கீழ் வதையாகக் கருதத்தக்கது என்பதால் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுக்கலாம். அலுவலகங்களின் வேகம் நமக்குத் தெரிந்ததே. ஆனாலும் ஒரே கடை மீது நான்கைந்து பேர் எழுத்தில் கொடுத்தால் விளைவு இருக்கிறது.

விளம்பரங்களில் வரும் வெளிநாட்டு நாய்கள் வேண்டாம், நம் மண்ணின் ராஜபாளையம் நாய்தான் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். அந்தப் பக்கத்து ஊர்களுக்கே நேரில் போய் வாங்கலாம் என்று நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— வாசகர், மதுரை

நேரில் போவது சரியான முடிவு. ஒரு விளம்பரத்தில் பக் நாய் வந்தது என்பதற்காக ஊரெல்லாம் பக் வாங்கி, தட்டை மூக்கால் மூச்சுவிட முடியாமல் சித்திரை வெயிலில் அவை திணறியதைப் பார்த்தவன் என்ற முறையில், வெயிலுக்குப் பழகிய நாயைத் தேடுவதைப் பாராட்டுகிறேன். ஆனால் நாட்டு இனம் என்ற ஒரே காரணத்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது; அதன் புகழும் விலையும் ஏற ஏற, ஊர்ப்புறத் தொழுவங்களில் நாலு தலைமுறையாக வளர்த்தவர்களோடு, சந்தையைப் பார்த்து நேற்று இறங்கியவர்களும் சேர்ந்துவிட்டனர். 2017ஆம் ஆண்டு விதிகள் நாட்டு இனங்களுக்கும் பொருந்தும். தாயைப் பார்ப்பது முதலான எல்லாமே இங்கேயும் உண்டு.

ராஜபாளையத்துக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது காது. தூய வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் நல்ல ராஜபாளையத்தின் அழகு என்று வாங்குபவர்கள் கேட்கிறார்கள். இந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மை சேர்ந்து வருவது இந்த இனத்தில் அறியப்பட்ட குறை. கூட்டத்தில் இருக்கும் செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் மற்றவை எழுந்து ஓடினால் அதுவும் பின்னாலேயே ஓடும். ஆகவே குட்டியை மட்டும் தனியே கொண்டுவரச் சொல்லுங்கள். அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள் அல்லது நாக்கால் சொடுக்குங்கள். தரையில் காலை உதைக்கவோ முகத்தருகே கைதட்டவோ கூடாது. அதிர்வையும் காற்றையும் உணர்ந்தே குட்டி திரும்பிவிடும். நிச்சயமாக அறிய மூளைத்தண்டுக் கேட்புப் பரிசோதனை உண்டு. ஆனால் அது எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. இரு காதும் கேளாத குட்டியை அன்போடு வளர்க்க முடியும், கையசைவால் பழக்கவும் முடியும். தெரியாமல் வாங்கி, சொல் பேச்சு கேட்கவில்லை என்று அடிப்பதுதான் நடக்கக் கூடாதது. அத்தகைய நாயை இனப்பெருக்கத்துக்கும் விடக் கூடாது.

குட்டியின் தந்தையான கடுவன் நாய் எந்த ஊரிலிருந்து வந்தது என்றும் விசாரியுங்கள். தாயும் தந்தையும் ஒரே வீட்டில் ஒரே ஈற்றில் பிறந்தவை என்று பெருமையோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். கலப்பில்லாத இரத்தம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்தக் குட்டியை வாங்காதீர்கள்.

இந்த நாய்கள் ஓடுவதற்கும் காவலுக்கும் பழகியவை. சிப்பிப்பாறை, கன்னி என்ற மற்ற நாட்டு இன நாய்கள் இன்னும் வேகம். பக்கத்து வீட்டுக் கோழி உங்கள் வீட்டுச் சண்டையாகிவிடும். சுற்றுச்சுவர் உள்ள வீடும் தினமும் ஓடவிடும் நேரமும் இருந்தால் மட்டும் புறப்படுங்கள்.

நானும் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். தெருநாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடுக்க ஒரு காப்பக அமைப்பை அணுகினோம். வீட்டைப் பார்க்க வேண்டும், உங்களுக்கு உடல்நலமில்லாமல் போனால் நாயை யார் பார்ப்பார்கள், கருத்தடை செய்வோம் என்று எழுதிக் கொடுங்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்டார்கள். இலவசமாக எடுத்துக்கொள்ள வந்தவர்களை இப்படியா நடத்துவது?
— வாசகர், தஞ்சாவூர்

உங்கள் வருத்தம் புரிகிறது, மரியாதையாகக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டது சரி. 1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற பழைய அமைப்புகளிலிருந்து வீட்டு மாடியில் பத்து நாய்களை வைத்துப் பார்க்கும் தனிநபர்கள் வரை, இப்பணியில் இருக்கும் எல்லோரிடமும் திரும்பி வந்த நாய்களின் கதைகள் உண்டு. ‘குரைக்கிறது’, ‘சோபாவைக் கிழித்தது’, ‘மருமகளுக்குப் பிடிக்கவில்லை’ என்று மூன்றாம் மாதம் கொண்டுவந்து விடப்படும் நாய், முதலில் இருந்ததைவிடப் பயந்த நாயாக வரும். எதுவுமே கேட்காமல் கையில் குட்டியைத் திணித்து அனுப்பும் இடத்தைப் பற்றித்தான் நீங்கள் ஐயப்பட வேண்டும்.

நீங்களும் அவர்களைக் கேளுங்கள். இது எங்கே கிடைத்தது, எத்தனை நாளாக உங்களிடம் இருக்கிறது, ரேபிஸ் ஊசி போட்டாயிற்றா, கருத்தடை ஆயிற்றா, முன்பு யாராவது எடுத்துத் திருப்பித் தந்தார்களா, தந்தார்களென்றால் ஏன், குழந்தைகளைக் கண்டால் எப்படி நடந்துகொள்கிறது என்பனவெல்லாம் நீங்கள் அறிய வேண்டியவை. இரண்டு மூன்று வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்க்க அனுமதிப்பார்களா என்றும் கேட்கலாம். பல அமைப்புகள் அதை விரும்பவே செய்கின்றன. காப்பகக் கூண்டில் மூலையில் ஒடுங்கியிருக்கும் நாய், வீட்டில் முற்றிலும் வேறு நாயாக இருக்கும். எதிர்மாறாகவும் நடக்கும்.

குட்டிதான் வேண்டுமா என்று ஒருமுறை யோசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். குட்டி என்றால் இரவில் அழுகை, பாயெல்லாம் சிறுநீர், ஓராண்டுக்கு ஓயாத ஓட்டம். பிறகு பன்னிரண்டு பதினைந்து ஆண்டு ஆயுள். நான்கைந்து வயதான, குணம் தெரிந்த, கருத்தடை முடிந்த நாய் காப்பகங்களில் கேட்பாரற்று இருக்கிறது. காலையில் அரை மணி நேரம் மெதுவாக நடக்க அதுவே உங்களுக்கு ஏற்ற துணை. கயிற்றை இழுத்துக்கொண்டு பாயும் இளம் நாயால் இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள்.

தெருவில் கிடக்கும் குட்டியை நீங்களாகவே எடுப்பதாக இருந்தால், அருகில் தாய் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அது இரை தேடப் போயிருக்கலாம். மருத்துவரிடம் காட்டி ஊசிகளைத் தொடங்குங்கள். அந்தக் குட்டியின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், குட்டிதானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ரேபிஸ் குட்டிகளுக்கும் வரும்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பச்சைக்கிளிக் குஞ்சு ஜோடியாக விற்கிறார்கள். எங்கள் தாத்தா வீட்டில் கிளி இருந்தது. வாங்கினால் தவறா?
— வாசகர், திருச்சி

தவறு மட்டுமன்று, குற்றமும்கூட. நம் நாட்டுப் பச்சைக்கிளி, மைனா, சில்லை முதலான பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியவை. சிறை வரை போகும். உள்நாட்டுப் பறவை வணிகம் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் வேட்பாளர் ஒருவருக்குக் கிளி ஜோசியம் பார்த்தவர் வனத்துறையிடம் சிக்கியது நினைவிருக்கும். கிளிக்கு அவர் எதிர்காலம் தெரிந்திருக்கவில்லை. சந்தைக்கு வரும் குஞ்சுகள் மரப்பொந்துகளிலிருந்து எடுக்கப்பட்டவை. வரும் வழியிலேயே பல இறந்துவிடும். நட்சத்திர ஆமைக்கும் இதே பதில்.

பறவைதான் வேண்டுமென்றால், கூண்டிலேயே பல தலைமுறையாகப் பெருகிய பட்ஜெரிகர், காக்கடீல் என்ற அயல்நாட்டுச் சிறு கிளிகளில் ஒன்றை, வீட்டில் வளர்ப்பவர் ஒருவரிடம் நேரில் பார்த்து வாங்கலாம். சிறகை விரித்து ஓரளவாவது பறக்கும் அகலமுள்ள கூண்டு வைக்க இடமிருந்தால் மட்டும்.

‘ஹஸ்கி குட்டி இலவசம், குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம், வண்டிச் செலவு மட்டும் அனுப்பினால் போதும்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. முதல் தவணை அனுப்பிவிட்டேன். இப்போது கூண்டு வாடகை, காப்பீடு என்று மேலும் கேட்கிறார்கள்.
— வாசகர், வேலூர்

குட்டி வராது, ஏனெனில் குட்டியே இல்லை. மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட அனுப்பாமல், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். அழைப்பதில் தாமதம் குறையக் குறையப் பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு கூடும். இனிமேல் யார் எந்தப் பிராணியைத் தருவதாகச் சொன்னாலும், காணொலி அழைப்பில் குட்டியைத் தாயோடு, நீங்கள் சொல்லும் ஒரு பொருளை அருகில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதன்பின் நேரில் போங்கள். உண்மையாகவே ஹஸ்கி வந்திருந்தால்? பனிநாட்டுக்கென்று அமைந்த இரட்டை அடுக்கு முடியோடு அது வேலூர்க் கோடையைக் கடந்திருக்க வேண்டும். அந்த வகையில் இந்த இழப்பு பணத்தோடு நின்றது.

அடுக்குமாடியில் வசிக்கிறோம். பாரசீகப் பூனை வாங்கலாமா, அல்லது கீழ்வீட்டுப் பூனை போட்ட குட்டியை எடுக்கலாமா?
— வாசகி, சென்னை

கீழ்வீட்டுக் குட்டி. தாயை நாள்தோறும் பார்க்கிறீர்கள். இதைவிட நம்பகமான பிறப்பிடம் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள், பன்னிரண்டு வாரம் வரை விட்டால் இன்னும் நல்லது. பால்கனிக்கு வலை அடித்தபின் கொண்டுவாருங்கள். உங்கள் குட்டிக்கு ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்யும்போது, செலவைப் பகிர்ந்துகொண்டு கீழ்வீட்டுத் தாய்ப்பூனைக்கும் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் இன்னும் சில மாதங்களில் அடுத்த ஈற்றுக்கு வீடு தேடிக் கடிதம் எழுதுவீர்கள்.

மூன்று வயது லேப்ரடார் பெட்டை நாய் இருக்கிறது. கேசிஐ பதிவு உண்டு, கருத்தடை செய்யவில்லை. சிங்கப்பூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போகிறோம். இணையத்தில் ‘இலவசம்’ என்று விளம்பரம் கொடுத்தேன். ஒரே நாளில் பலர் கேட்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது?
— வாசகி, திருநெல்வேலி

முதலில் அந்த விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். கருத்தடை செய்யாத, சான்றிதழுள்ள இளம் பெட்டை லேப்ரடார் இலவசம் என்றால், கேட்கும் பலருள் சிலருக்காவது அது குட்டி போடும் இயந்திரமாகத்தான் கண்ணில் படும். முதல் பதிலில் நான் வர்ணித்த தாய்நாய்களுள் பல, ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுச் செல்லமாக இருந்து, இப்படிக் கைமாறிப் போனவைதான்.

கூடவே அழைத்துச் செல்ல முடியுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ரேபிஸ் எதிர்ப்பாற்றல் இரத்தப் பரிசோதனை முதல் தனிமைப்படுத்தல் வரை சிங்கப்பூர் கேட்கும் நடைமுறைகளுக்கு மாதக்கணக்கில் முன்னேற்பாடு வேண்டும். அங்கே அரசின் எச்.டி.பி. குடியிருப்பில் வசிப்பதாக இருந்தால், அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய்களுக்கே இடம், லேப்ரடாருக்கு இல்லை. தனியார் குடியிருப்பு என்றால் யோசிக்கலாம்.

இயலாதென்றால், நாயை யாரிடம் வாங்கினீர்களோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். தான் விற்ற நாயைத் திரும்ப ஏற்றுக்கொள்வார் என்றால் அவர் பொறுப்பான பிரீடர். ஆனாலும் மறுபடி ஈற்றுக்கு விடமாட்டேன் என்று எழுதி வாங்குங்கள். அடுத்து உறவினர், நண்பர், உங்கள் கால்நடை மருத்துவருக்குத் தெரிந்த குடும்பங்கள். சமீபத்தில் வயதான நாயை இழந்து, அடுத்தது வேண்டும் என்று சொல்லிவைத்தவர்கள் ஒவ்வொரு மருத்துவரிடமும் நாலைந்து பேர் இருப்பார்கள். காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன; அது கடைசி வழி. தெருவிலோ தோட்டத்திலோ விட்டுவிட்டுப் போவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை, நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்ற நம்பிக்கையோடுதான் எழுதுகிறேன்.

யாருக்குக் கொடுத்தாலும் உங்கள் செலவிலேயே கருத்தடை செய்தபின் கொடுங்கள். அந்த ஒரு நிபந்தனையிலேயே கேட்பவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். மிஞ்சியவர்களின் வீட்டுக்கு நாயோடு போய் ஒரு மாலை இருங்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதே இரண்டு வாரம் அவர்களிடம் விட்டுப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள அவகாசம் இருக்கும். தடுப்பூசி அட்டை, மருத்துவக் குறிப்புகள், கேசிஐ பதிவு, மைக்ரோசிப் எண் இருந்தால் அதன் உரிமை மாற்றம், உள்ளாட்சி உரிமம் இருந்தால் புதியவர் பெயரில் விண்ணப்பம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கொடுங்கள். எந்த வேளையில் என்ன சாப்பிடும், இடிச் சத்தத்துக்கு எங்கே போய் ஒளியும், எந்தச் சொல்லுக்கு உட்காரும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். பயண நாளுக்கு முந்தைய வாரத்தில் இதையெல்லாம் தொடங்காமல், விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே தொடங்குங்கள்.